பைப் சந்துக்கு நீ வைத்த கைநாட்டு

மல்காஜ்கிரி, ஹைதராபாத்
ஞாயிற்றுக்கிழமை காலை

சிரஞ்சீவி மஹதிக்கு அப்பாவின் ஆசிகள்.

இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சௌக்கியம். உடம்பைத் தவிர்த்த மற்றவை எப்படி இருக்கின்றன என்பதைச் சொல்வதற்காகவே இதை எழுதுகிறேன். நீ அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, வேண்டிய அளவு தூங்கி, சிகாகோவில் குளிர் தொடங்குவதற்குள் அந்தக் கனத்த கோட்டை வெளியே எடுத்து உதறி வைத்துக்கொண்டு நன்றாக இருக்கிறாய் என்று நானாகவே வைத்துக்கொள்கிறேன். ஏனெனில் நன்றாக இருக்கிறாயா என்று கைபேசியில் கேட்கும்போதெல்லாம் உன்னிடமிருந்து வருவது நிமிர்த்திய கட்டைவிரல் ஒன்றின் படம் மட்டுமே. அம்மாவுக்குக் கண் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று எழுதினேன், கட்டைவிரல் வந்தது. உன் அறை ஜன்னலில் புறா கூடு கட்டியிருக்கிறது, கலைக்க மனம் வரவில்லை என்று எழுதினேன், அதற்கும் அதே விரல். ஆகவே தாளை எடுத்துக்கொண்டேன். பள்ளியில் தெலுங்கும் ஹிந்தியும் படித்த உனக்குக் கோடை விடுமுறைகளில் நான் சொல்லிக்கொடுத்த எழுத்து இது, சேர்த்து எழுதினால் திணறுவாய் என்பதால் ஒவ்வொன்றையும் அச்சில் உள்ளதுபோலத் தனித்தனியாக எழுதியிருக்கிறேன். மெதுவாகப் படி. வாய்விட்டுப் படித்தால் இன்னும் நல்லது. கடிதம் எழுதுகிறேன் என்றதும் அம்மா பின்னால் வந்து நின்றுகொண்டு, கோவமா மட்டும் எழுதாதீங்கோ, குழந்தை அங்க தனியா இருக்கா என்றாள். கோபமாக எழுதப் போவதில்லை என்று அவளுக்கு வாக்குக் கொடுத்திருக்கிறேன். குரலை உயர்த்தாமல் எழுதுவதுதான் நான் காப்பாற்றக்கூடிய வாக்கு.

அம்மாவின் செய்தி முதலில். கண்ணில் திரை நீங்கியபின் வீடு முழுக்கத் தூசியாகத் தெரிகிறதாம், இத்தனை நாளா இந்தக் குப்பைக்கு நடுவிலயா உங்களோட குடித்தனம் பண்ணினேன் என்று கேட்டுக்கொண்டே ஒவ்வோர் அலமாரியாகக் கவிழ்த்துத் துடைக்கிறாள். உன் அறையை மட்டும் துடைத்துவிட்டு எல்லாவற்றையும் இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிடுகிறாள், உடைந்த கிளிப் உட்பட. அவளுக்குச் சொட்டு மருந்து போடுவது என் வேலை. போட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டு இரு என்றால், மூடிக்கொண்டே உன்னைப் பற்றி ஏதாவது பேசுவாள், பேச்சு முடிவதற்குள் மருந்து வழிந்துவிடும். எனக்கு ஆய்வகத்தில் பணி ஓய்வு அடுத்த வருடம். இப்போதே என் மேஜையை யாருக்குத் தருவது என்று பேசிக்கொள்கிறார்கள், அதில் எனக்கு வருத்தமில்லை. சாயங்காலம் வீடு வந்ததும் நான் செய்யும் முதல் காரியம் என்ன என்று உனக்குத் தெரியாது, அம்மாவுக்கும் நான் சொன்னதில்லை. பால்கனியில் நின்று கீழே நம் கட்டடத்தை ஒட்டிப் போகும் பைப் சந்தைப் பார்ப்பேன். செகந்திராபாத்திலிருந்து வரும் ரயில் நம் ஸ்டேஷனில் நின்று கிளம்பியதும், இறங்கிய ஜனம் அந்தச் சந்து வழியாக லைன் வீடுகளுக்குப் போகும். டிபன் காரியர் கை மாறும், யாராவது யாரையாவது பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுவார்கள், பெண்கள் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சேற்றைத் தாண்டுவார்கள். அந்தக் கூட்டத்தில் தோளில் பையைக் குறுக்காக மாட்டிக்கொண்டு ஒரு பெண் வந்தால் அவள் விளக்குக் கம்பத்தைத் தாண்டி முகம் தெரியும்வரை பார்ப்பேன். நீ இல்லை என்பது எனக்குத் தெரியும், சிகாகோ எங்கிருக்கிறது என்பதும் தெரியும். ஆனாலும் அவள் கம்பத்தைத் தாண்டும்வரை உள்ளே வரக் கால் எழுவதில்லை.

அந்தச் சந்தைப் பற்றித்தான் எழுத வேண்டியிருக்கிறது. லைனில் இருப்பவர்கள் யார் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ரயில்வே பட்டறையில் வேலைக்கென்று வடாற்காட்டிலிருந்தும் மதராஸிலிருந்தும் வந்தவர்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும். அம்மாவுக்கு அப்போது செகந்திராபாத்தில் வங்கி வேலை, எனக்கு ஆய்வகம், பள்ளி விட்டு வரும் உன்னை வாங்கி வைத்துக்கொண்டது லைனின் முதல் வீட்டு ஆக்னஸ். அவளுடைய தையல் மெஷினுக்கு அடியில் உட்கார்ந்து நீ வீட்டுப்பாடம் எழுதினாய், அவள் தட்டில் சாப்பிட்டாய், அவளிடம்தான் தமிழ் பேசவும் கற்றாய். ஒரு நாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம், இன்னாம்மா இன்னிக்குக் கொயம்பு என்று கேட்டாய். கும்பகோணத்துக்காரி அன்று சிரித்த சிரிப்பை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. நாம் அப்போது வாடகைக்கு இருந்த சிவப்பு ஓட்டு வீட்டையும் பக்கத்து வீடுகளையும் வாங்கி இடித்துத்தான் இந்த ஐந்து மாடிக் கட்டடம் எழுந்தது. வெளிநாட்டுச் சம்பளத்தில் நீ இதிலே ஒரு வீடு வாங்கி, அதே மண்ணில் எங்களைக் குடிவைத்தபோது எனக்கு இருந்த பெருமையை நான் மறைக்கவில்லை. இடித்தது ஓடுகளை மட்டும்தான், சந்தை யாரும் தொடவில்லை. லைனிலிருந்து ஸ்டேஷனுக்கும் பஸ்ஸுக்கும் போக அவர்களுக்கு அது ஒன்றே நேரான வழி. மற்றொரு வழி சுற்றிக்கொண்டு ரயில்வே கீழ்ப்பாலத்துக்கு அடியில் போகிறது, மழை பெய்தால் அங்கே தண்ணீர் தேங்கி ஸ்கூட்டர்கள் அணைந்து நிற்கும். ஆக்னஸின் கணவர் டேனியலுக்குப் பட்டறையில் அடிபட்ட கால், இப்போது கோல் இல்லாமல் நடப்பதில்லை. அவர் ரயிலேறி ரயில்வே ஆஸ்பத்திரிக்குப் போவது இந்தச் சந்து வழியாகத்தான். ஆட்டோ லைனுக்குள் நுழையாது.

நம் கட்டடத்து உரிமையாளர் சங்கத்தின் செயலாளர் தியாகு, அந்தச் சந்தின் வாயில் இரும்புக் கதவு போடுவதென்று முடிவெடுத்திருக்கிறார். தியாகுவை நீ பார்த்ததில்லை. நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள், அவரும் அதை ஏற்றுக்கொண்டவர். பொங்கலுக்குத் தமிழ்க் குடும்பங்களையெல்லாம் கூட்டி மொட்டை மாடியில் பானை வைத்து, நம்ம ஆளுங்க ஒற்றுமையா இருக்கணும் சார் என்று கண்கலங்கப் பேசுவார். லைனில் பேசுவதும் தமிழ்தானே என்று ஒரு முறை கேட்டேன். அது வேற தமிழ் சார் என்றார். கதவு ஏன் என்று கேட்டதற்குப் பாதுகாப்பு என்றார், கட்டடத்தின் மதிப்பு என்றார், சாதி என்ற சொல் அவர் வாயிலிருந்து வரவே இல்லை. உகாதியன்று நீ பேசியது எனக்கு நினைவு வந்தது. உங்கள் தெருவில் பழைய சலவைக்கடை போய்க் காபிக் கடை வந்ததையும், தலைமுறைகளாக அங்கே இருந்த கறுப்பினக் குடும்பங்கள் வாடகை தாங்காமல் ஒவ்வொன்றாகக் கிளம்புவதையும் சொன்னாய். யாரும் நிறத்தைப் பற்றிப் பேசுவதில்லை அப்பா, தெரு மாறிக்கிட்டு இருக்குன்னு மட்டும் சொல்வாங்க என்றாய். அன்று ஒரு மணி நேரத்துக்கு மேல் பேசினாய். பல மாதங்களில் நாங்கள் உன் குரலை அத்தனை நேரம் கேட்டது அந்த ஒரு நாள்தான். குடித்தனக்காரர்களைச் சேர்த்து நீங்கள் சங்கம் வைத்ததையும், கதவு கதவாகத் தட்டுவதையும், தட்டியபின் நாம் பேசக்கூடாது, அவர்களைப் பேசவிட வேண்டும் என்பதையும் சொன்னாய். நான் அதை ஆக்னஸிடம் போய்ச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம்ம பாப்பா அங்க யூனியன் லீடரா, என் மெஷினுக்கு அடியில ஊசி பொறுக்கினதே அது என்று கேட்டாள். அன்றைக்கு லைன் முழுவதும் அதைச் சொல்லிவிட்டாள்.

கதவை எதிர்ப்பதென்று தீர்மானித்ததும் நான் செய்தது நீ சொன்னதற்கு நேர்மாறானது, அதையும் எழுதிவிடுகிறேன், சிரித்துக்கொள். பாதை உரிமை குறித்த கலந்தாய்வுக் கூட்டம் என்று தலைப்பிட்டு, பிழையற்ற தமிழில், பெரிய எழுத்தில் நானே எழுதி, மாதாகோவில் சுவரிலும் தண்ணீர்த் தொட்டியிலும் பூபாலனின் வெல்டிங் பட்டறைக் கதவிலும் ஒட்டினேன். கூட்டத்துக்கு ஒருவரும் வரவில்லை. மாதாகோவில் வளாகத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டுக்கொண்டு, அம்மா கொடுத்த காபி பிளாஸ்க்குடன் நான் தனியாக உட்கார்ந்திருந்தேன். தங்கள் வழி போகிறதென்ற கவலை தங்களுக்கே இல்லாதவர்கள் என்று மனத்துக்குள் கடுமையாக நினைத்துக்கொண்டேன். அந்த நேரத்தில் ஆக்னஸ் வந்தாள். சார் நீங்க இங்கதான் இருக்கீங்களா, யாரு சார் போயிட்டாங்க என்று மெதுவாகக் கேட்டாள். எனக்குப் புரியவில்லை. லைனில் எல்லோரும் வீட்டில் தமிழ் பேசுகிறார்கள், ஆனால் பள்ளியில் படித்தது தெலுங்கு. தமிழ் படிக்கத் தெரிந்த தலைமுறை ஏறக்குறைய முடிந்துவிட்டது. அவர்களில் ஒருவர் இறந்தால் மட்டும் மாதாகோவிலில் இருந்து தமிழில் ஓர் அறிவிப்பு ஒட்டுவார்கள். இங்க தமிழ்ல பேப்பர் ஒட்டுனா சாவுன்னு அர்த்தம் சார், யாருன்னு தெரியாம நானே ரெண்டு வீட்ல துக்கம் விசாரிச்சிட்டேன், அவங்க என்ன அடிக்க வராங்க என்றாள். பிறகு பிளாஸ்க்கைத் திறந்து அவளே இரண்டு டம்ளரில் ஊற்றி, நல்ல காபி சார், சாவு வீட்ல இந்த மாதிரி கெடைக்காது என்று சொல்லிக் குடித்தாள்.

மறுநாளிலிருந்து அவளும் நானும் கதவு தட்டினோம். நான் வாயை மூடிக்கொண்டு இருக்க வேண்டும் என்பது உன் விதி, அதை ஆக்னஸ் இன்னும் கண்டிப்பாக அமல்படுத்தினாள். நான் தொண்டையைக் கனைத்தாலே, சார் இருங்க என்பாள். முதலில் தட்டிய வீட்டில் ஓர் அம்மாள் என்னை மேலும் கீழும் பார்த்தார். கேட் போடறது உங்க பில்டிங், வேணாம்னு சொல்றதும் உங்க பில்டிங், நடுவுல எங்கள கைக்கு இழுக்கறீங்க என்றார். ஏன் என்பதற்கு லைனில் இப்போதும் உருதுவின் கைக்குதான். நான்கு வீடு தாண்டி அவரே பின்னால் வந்து, என் பொண்ணு காலைல உங்க மூணாவது மாடியில பாத்திரம் தேய்க்கப் போகுது, அதுக்கு மட்டும் பாஸ் தராங்களாம், அவ கூடப் போனா என்ன உடமாட்டாங்களாம், இது நல்லாவா இருக்கு என்று கேட்டார். அதுவரை அது எனக்கே தெரியாது. கதவு நம் வீட்டுப் பாத்திரம் தேய்க்க வருகிறவளுக்குத் திறக்கும், தன் வேலைக்குத் தன் காலால் போகிறவளுக்குத் திறக்காது. இதைத் திட்டமிட்டவர்கள் பட்டம் பெற்றவர்கள், பலர் என்னைவிடப் பெரிய பட்டம். டேனியல் கட்டிலில் உட்கார்ந்தபடியே கேட்டுக்கொண்டிருந்தார். நான் வேல பாத்தப்ப வெள்ளக்காரன் கட்டுன பட்டறைலயே எங்கள நிறுத்தல, இந்த தியாகு சார் யாரு பெரிய ஜி.எம்.மா என்றார். எல்லோருமாகச் சங்கக் கூட்டத்துக்கே நேரில் போய்க் கேட்பதென்று முடிவானது. யாருக்கும் என் எழுத்து தேவைப்படவில்லை.

சங்கக் கூட்டம் நம் கட்டடத்துக் கார் நிறுத்தும் இடத்தில் நடந்தது. லைனிலிருந்து வந்தவர்களுக்கு நாற்காலி போடவில்லை, அவர்கள் தூண்களை ஒட்டி நின்றார்கள், நானும் அங்கேயே நின்றேன். எழுந்து பேச வாய் திறந்ததும் தியாகு புன்னகையுடன், நீங்க தாராளமா பேசலாம் சார், ஆனா ஓட்டு உங்களுக்கு இல்ல, ஓனர் உங்க பொண்ணு என்றார். சட்டப்படி அது சரி. சரி, அவளைக் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். எதுக்கு சார் கேட்கணும், அவங்கதான் எப்பவோ ஓகே சொல்லிட்டாங்களே, அவங்களோட சேர்த்துத்தான் மெஜாரிட்டியே வந்துச்சு என்றார். சொல்லிக்கொண்டே கைபேசியை எல்லோருக்கும் தெரிகிற மாதிரி நீட்டினார். அமெரிக்காவுல இருக்கறவங்களுக்கு இதோட அருமை தெரியும் சார் என்று ஒரு குரல் பின்னாலிருந்து வந்தது. உரிமையாளர் குழுவில் அவர் போட்ட செய்திக்குக் கீழே உன் பெயர், உன் கட்டைவிரல். பக்கத்தில் உன் சிறிய படம். அந்தப் படத்தில் நீ உங்கள் தெருவில் நின்றுகொண்டு, எங்கள் வீட்டை விட்டு எங்களைத் துரத்தாதே என்று ஆங்கிலத்தில் எழுதிய அட்டையைத் தலைக்குமேல் பிடித்துக்கொண்டிருக்கிறாய்.

ஆக்னஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு கிட்டே போய்ப் பார்த்தாள். முதலில் அவள் சொன்னது, பாப்பா எளச்சிட்டா சார் என்று. பிறகுதான் விரலைப் பார்த்தாள். திரும்பி லைன்காரர்களிடம், அது தூக்கக் கலக்கத்துல அமுக்கியிருக்கும், அங்க ராத்திரி இல்லியா, அதுக்கு இன்னா தெரியும் என்று உனக்காக வாதாடினாள். எனக்கு எதிராக அந்த இடத்தில் ஒருவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் நான் நிம்மதியாக இருந்திருப்பேன். தன் வழியை அடைக்கும் கதவுக்குச் சம்மதம் கொடுத்தவளைத் தன் வீட்டுப் பிள்ளையாக வைத்து ஆக்னஸ் மன்னிப்புக் கேட்டுக்கொண்டிருந்ததைப் பார்த்துக்கொண்டு நின்றதுதான், மஹதி, இந்த வயதில் எனக்கு வாய்த்த அவமானம். டேனியல் கோலை ஊன்றிக்கொண்டு மெல்ல நடந்து அந்தச் சந்து வழியாகவே வீட்டுக்குப் போனார். நான் பின்னாலேயே போனேன்.

தியாகுவின் செய்தியை நான் அன்றே வாங்கிப் படித்தேன். கிழக்குப் பக்கப் பாதுகாப்பு மேம்பாடும் அழகுபடுத்தலும் என்று அழகிய ஆங்கிலத்தில் இருக்கிறது. பைப் சந்து என்ற பெயர் எங்கும் இல்லை. கிழக்கு என்பது நம் பால்கனியிலிருந்து பார்த்தால் கிழக்கு, ஆக்னஸின் வாசலிலிருந்து பார்த்தால் அது மேற்கு, அவள் பிள்ளைகள் வேலைக்குப் போகும் திசை. இதைப் புரிந்துகொள்ள உனக்கு இரண்டு நிமிடம் போதும், இதைவிட நயவஞ்சகமான ஆங்கிலத்தையெல்லாம் நீ அங்கே வீட்டுக்காரர்களின் நோட்டீஸ்களில் பிரித்துப் பிரித்து விளக்குகிறாய். டேனியலின் அப்பா பட்டறையில் நீட்டிய தாள்களிலெல்லாம் கைநாட்டு வைத்தவராம். என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் வேலை போகும், அதனால் கேட்கமாட்டாராம். படிக்கத் தெரியாத ஒருவர் படிக்காமல் வைத்ததற்குப் பெயர் கைநாட்டு. நன்றாகப் படிக்கத் தெரிந்த ஒருத்தி படிக்காமல் வைத்ததற்குத் தமிழில் வேறு பெயர் இருக்கிறதா என்று தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. ஒருவேளை நீ படித்துவிட்டுத்தான் வைத்தாயோ என்னவோ. அப்படியானால் அதைச் சொல்லிவிடு, அதை எப்படித் தாங்குவது என்று நான் பார்த்துக்கொள்கிறேன். அங்கே நீ குடித்தனக்காரர்களுக்காகக் கதவு தட்டுகிறாய், இங்கே நீ வீட்டுக்காரி, நான் உன் குடித்தனக்காரன். இந்தக் கணக்கில் நான் உன் சங்கத்தில் சேரத் தகுதி உள்ளவன் என்று நினைக்கிறேன். என் கதவை நீ எப்போது தட்டப் போகிறாய்?

இதைப் படித்துக் காட்டியபோது அம்மா கடைசி வரியை அடிக்கச் சொன்னாள். அடிக்கவில்லை. ஆனால் அவள் சொன்ன இன்னொன்றையும் எழுதாமல் விட்டால் நியாயமில்லை. குழந்தைக்கு அங்க ஆபீஸ், அந்தச் சங்கம், ராப்பகலா வேலை, நம்ம செய்தி எல்லாம் அதுக்கு நடுவுல ஒண்ணு, அவ விரல் போடறது நாம இருக்கோம்னு தொட்டுப் பாக்கற மாதிரி என்கிறாள். அவளுக்குக் கண் தெளிந்தபின் எல்லாம் தெளிவாகத் தெரிகிறது. நானும் அப்படி நினைத்துப் பார்க்க முயல்கிறேன். இரவில் கைபேசி ஒளிரும்போது அந்த விரலைப் பார்த்துவிட்டு, மகள் விழித்திருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டுதான் நானும் படுக்கிறேன்.

இப்போது நிலைமை இதுதான். கம்பங்களை ஊன்றியாயிற்று. கதவின் ஓர் இறக்கை சுவரில் சாய்ந்து நிற்கிறது, மற்றது பூபாலனின் பட்டறையில் கிடக்கிறது. லைனில் வளர்ந்த அவனிடமே குறைந்த விலைக்குக் கதவு செய்யக் கொடுத்தது தியாகுவின் சாமர்த்தியம். ஆனால் அந்த இரண்டாவது இறக்கை முடிந்தபாடில்லை. ஒரு நாள் கம்பி இல்லை என்கிறான், ஒரு நாள் கரெண்ட் இல்லை என்கிறான். தியாகு நேரில் போய்ச் சத்தம் போட்டதற்கு, கைக்கு சார் அவசரம், கதவு எங்க ஓடிரப் போவுது, வெல்டிங் பதமா இருக்கணும் நீங்களே சொன்னீங்க என்றானாம். நான் போய்க் கேட்டபோது மட்டும் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, சார் ரொம்ப நாள் இழுக்க முடியாது, அட்வான்ஸ் வாங்கித் தின்னாச்சு, சீக்கிரம் ஏதாவது பண்ணுங்க என்றான். மாத முடிவில் வரும் ஞாயிற்றுக்கிழமை உரிமையாளர்களின் பொதுக்கூட்டம். அதற்குள் பெரும்பான்மை குறைந்தால் கதவு வேலை நின்றுவிடும் என்பது சங்கத்தின் விதியிலேயே இருக்கிறது, தியாகு மறுக்கவில்லை, உங்க பொண்ணு மாத்திச் சொன்னா பார்ப்போம் சார் என்று சிரித்தார். தெலுங்குக் குடும்பங்களில் இரண்டு பேர் என்னிடம் தனியாக, மஹதி பேசினால் நாங்களும் பேசுகிறோம் என்றார்கள். முதலில் வாய் திறக்க ஒருவர் வேண்டும், அவ்வளவுதான் அவர்களுக்கு.

ஆகவே நான் உன்னிடம் கேட்பது இது. விரலைக் கீழ்நோக்கித் திருப்பிய இன்னொரு படத்தைப் போடாதே. அன்று நம் நேரம் காலையில் கூட்டம் தொடங்கும்போது, உனக்கு இரவாக இருக்கும், கைபேசியில் கூப்பிடு. நான் அதை ஒலிபெருக்கியில் போட்டுத் தூணருகே நின்று பிடித்துக்கொள்கிறேன். கிழக்குப் பக்கம் என்று சொல்லாதே, பைப் சந்து என்று சொல். உன் சம்மதத்தைத் திரும்பப் பெறுகிறேன் என்பதைத் தெலுங்கில் சொன்னாலும் சரி, ஆங்கிலத்தில் சொன்னாலும் சரி, கூட்டத்துக்குப் புரிய வேண்டும். ஆனால் ஒரு வாக்கியமாவது ஆக்னஸிடம் கற்ற தமிழில் சொல், அவளுக்குக் கேட்க வேண்டும். அந்தத் தமிழைக் கேட்டு இந்தக் கட்டடத்தில் சிலர் முகம் சுளிப்பார்கள், அதை நான் பக்கத்தில் நின்று பார்க்க விரும்புகிறேன். உன்னை ஊருக்கு வரச் சொல்லி எழுதும்படி அம்மா சொல்கிறாள். நான் அதை எழுதமாட்டேன், வேலையை விட்டு வா என்று எந்நாளும் சொன்னதில்லை, இப்போதும் சொல்லவில்லை. ஆக்னஸிடம் உனக்கு எழுதுகிறேன் என்றபோது அவள் சொல்லியனுப்பியதை மட்டும் அப்படியே எழுதுகிறேன்: பாப்பா எப்ப வந்தாலும் ஸ்டேஷன்ல எறங்கி சந்து வழியாவே வரச் சொல்லுங்க, முன் ரோட்டுல கார்ல வந்து எறங்க நக்கோ, வேணவே வேணாம், என் வீட்டத் தாண்டாம அது உங்க வீட்டுக்குப் போனதே இல்ல.

கதவை மாட்டி மூடிவிட்டால் சாயங்கால ரயில் நின்று கிளம்பியபின் அந்தச் சந்தில் யாரும் வரமாட்டார்கள். விளக்குக் கம்பம் மட்டும் எரியும். நான் பால்கனிக்குப் போக எனக்கு ஒரு காரணம் இருக்காது. இதை உன் மனத்தைக் கரைப்பதற்காக எழுதவில்லை, கரைந்த மனத்தால் அந்தக் கூட்டத்தில் ஒரு பயனும் இல்லை, தெளிவான குரல் வேண்டும். ஆனால் உன்னிடம் மறைக்கவும் தோன்றவில்லை.

வெந்நீர் குடி, வெறும் வயிற்றில் காபி குடிக்காதே, இரவு கதவு தட்டப் போகும்போது தனியாகப் போகாமல் துணைக்கு ஒருவரைக் கூட்டிக்கொள். அம்மா பருப்புப்பொடியும் நார்த்தங்காயும் அனுப்புகிறாள், அடுத்த வாரம் தனியாக வரும். நீயும் உன் தெருவில் உன்னோடு நிற்பவர்களும், அவர்களுடைய வீடுகளும் நிலைத்து நன்றாக இருக்க எங்கள் இருவரின் ஆசிகள். மாதக் கடைசி ஞாயிறு, நம் காலை பத்து மணி, மறக்காதே. கடிதம் கிடைத்தது என்பதற்கு விரல் படம் போட வேண்டாம். கூப்பிடு. பேச ஒன்றுமில்லையென்றால் இந்தக் கடிதத்தையே எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டு, எழுத்துக்கூட்டித் திணறினாலும் பரவாயில்லை, நான் குறுக்கிடாமல் கடைசிவரை கேட்பேன்.

உன் வீட்டில் குடியிருக்கும்
அப்பா,
ஜகதீசன்